கிளப்புக்கு ஒரு கிளோ இன்ஜின்: எதை வாங்குவது, எப்படிக் கெடுக்காமல் வைத்திருப்பது

ஏரோ கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே இந்தப் பேச்சு உங்க காதில் விழுந்திருக்கும். "கிளோ இன்ஜினா? அதெல்லாம் இப்போ யாருப்பா ஓட்டுறா? நாலு செல் லிப்போ, ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், வேலை முடிஞ்சுது." சொல்றவங்க பக்கம் பாதிக்கு மேல நியாயம் இருக்கு. அமெரிக்காவில் நடக்கும் எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன் போட்டியின் ரெகுலர் பிரிவில் ஒரு காலத்தில் .61 கிளோ இன்ஜின்தான் விதி. பிறகு அதுவே எலக்ட்ரிக் மோட்டாருக்கும் வாட் வரம்புக்கும் மாறிவிட்டது. போட்டிக்கு விமானம் செய்கிறவர்கள் மோட்டார் பக்கம் போவதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனா இந்த வருஷ பட்ஜெட்டில் கிளோவுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம், அலமாரியில் இருப்பதையும் விற்றுவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது பாருங்க, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு இன்ஜினாவது இருக்கணும். சும்மா ஷோகேஸில் வைக்க இல்லை, ஒவ்வொரு பேட்சும் அதை ட்யூன் பண்ணிப் பழகுவதற்கு. அதற்கு ஒன்றிரண்டு நிபந்தனைகளும் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் இருக்கணும்? தெர்மல் பாடத்தில் காற்று-எரிபொருள் விகிதம் என்று எழுதி மார்க் வாங்குகிறோம். அந்த விகிதம் மாறினால் என்ன சத்தம் கேட்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிளோ இன்ஜினில் அதைக் காதால் கேட்கலாம். நீடிலைக் கால் சுற்றுத் திருப்பினால் இன்ஜின் வேறு குரலில் பேசும். மோட்டாரில் இது கிடையாது. இ.எஸ்.சி. எல்லாவற்றையும் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும், நீங்க வேடிக்கை பார்க்கலாம்.

இந்த இன்ஜினின் விசித்திரமே அதன் பிளக்தான். 1947 வாக்கில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை குட்டி விமானங்கள் பேட்டரி, காயில், பாயின்ட் என்று ஒரு இக்னிஷன் குடும்பத்தையே சுமந்து பறந்தன. கிளோ பிளக்கில் இருப்பது பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் சுமார் 1.5 வோல்ட் கொடுத்துப் பழுக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு நடக்கும் வினையும், அழுத்தத்தின் சூடும், முந்தின சுற்றில் எரிந்த சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும். அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, டைமிங் ஸ்க்ரூ இல்லை. எப்போது பற்ற வேண்டும் என்பதை வெப்பமே முடிவு செய்கிறது. அந்த வெப்பத்தைக் கட்டுப்படுத்த உங்களிடம் இருப்பது நீடில், பிளக், புரொப்பெல்லர், எரிபொருள், அவ்வளவுதான்.

இப்போ எதை வாங்குவது. பெட்டியில் போட்டிருக்கும் எண் கன அங்குலம். .40 என்றால் 6.5 சிசி, .46 என்றால் 7.5 சிசி, .61 என்றால் 10 சிசி. கிளப்புக்கு என் ஓட்டு .46 டூ-ஸ்ட்ரோக், பால் பேரிங் வைத்தது. "இன்னும் கொஞ்சம் போட்டா .61 கிடைக்கும், பவர் பவர்தானே" என்று யாராவது ஆரம்பிப்பாங்க. கேட்காதீங்க. பெரிய இன்ஜின் என்றால் கனமான ஏர்ஃபிரேம், பெரிய டேங்க், அதிக எரிபொருள், தரையில் மோதும்போது அதிகச் சேதம். ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட சாதாரண டிரெய்னருக்கு .40, .46தான் அளவு. உதிரிப் பாகமும் அந்த அளவுக்குத்தான் சுலபமாகத் தேடிப் பிடிக்க முடியும். ரொம்பச் சின்னதும் வேண்டாம். .15 போன்ற குட்டி இன்ஜின்களில் நீடிலை ஒரு துளி நகர்த்தினாலே குணம் மாறும். பழகுகிற கைக்கு அது தண்டனை.

ஃபோர்-ஸ்ட்ரோக் அழகான சாமான், மறுக்கவில்லை. சத்தம் காதுக்கு இதம், எரிபொருள் குறைவு, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். ஆனா விலை கூட, வால்வ் இடைவெளி பார்க்கணும், வருஷா வருஷம் கை மாறும் கிளப்பில் அதை யார் பார்ப்பது? வேண்டாம்.

ஓ.எஸ். என்ற பெயர் ஏன் எல்லார் வாயிலும் வருகிறது என்றால், 1936-ல் ஒசாகாவில் தொடங்கிய கம்பெனி அது, அவங்க கார்புரேட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். காசு இல்லையென்றால் சீனத் தயாரிப்பும் ஓடும், ஆனால் ட்யூன் பண்ணக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்க. பழைய இன்ஜின் வாங்கினால், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்க. கரகரவென்று இருந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கு. பிளக்கைப் போட்டுச் சுற்றும்போது மேலே அழுத்தமே தெரியவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துடுங்க.

சிலிண்டர் ஏ.பி.சி. வகையா, ரிங் வகையா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. ஏ.பி.சி. என்றால் அலுமினியப் பிஸ்டன், பித்தளைச் சிலிண்டர், குரோம் பூச்சு. சிலிண்டர் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்திருக்கும்போது மேல் முனையில் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், சூடானதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளி வரும். அதனால் "புது இன்ஜினை முதல் ஒரு டேங்க் முழுக்க வழிய வழிய ரிச்சா ஓட்டணும்" என்ற பழைய பாடம் இதற்குப் பொருந்தாது. அப்படி ஓட்டினால் இன்ஜின் சூடே ஆகாமல், இறுகிய இடத்திலேயே தேய்ந்துகொண்டிருக்கும், கனெக்டிங் ராடுக்கும் வலி. ரிச்சாக, ஆனால் நல்ல வேகத்தில், இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவதே ஏ.பி.சி.க்கு உகந்த முறை. அந்தப் பழைய பாடம் ரிங் வகைக்குச் சரி.

எரிபொருளுக்கு வருவோம். மெத்தனால்தான் பெரும் பங்கு, 18 முதல் 20 சதவீதம் எண்ணெய், மீதி நைட்ரோமீத்தேன். நைட்ரோ தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் பவர் கூடும், ஐட்லிங் சீராகும். ஆனா நம்ம ஊரில் கிடைப்பது கஷ்டம், விலையும் எகிறும். நைட்ரோ இல்லாமலே, கொஞ்சம் ஹாட்டான வகைப் பிளக் போட்டு ஓட்டலாம். உலகப் போட்டிகளில் பல பிரிவுகளில் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய் என்பதுதான் விதியே. எண்ணெய் என்றால் ஆமணக்கு எண்ணெய், நம்ம விளக்கெண்ணெயின் சுத்திகரித்த உறவு. உலகத்திலேயே அதிகம் உற்பத்தி செய்வது இந்தியாதான். பெட்ரோலில் சரியாகக் கலக்காது, மெத்தனாலில் அழகாகக் கரையும், அதிக சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. எக்ஸாஸ்டில் அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவங்க மறக்க மாட்டாங்க.

சரி, ட்யூனிங். இங்கேதான் கிளப்புகளில் இன்ஜின்கள் சாகின்றன. முழு த்ராட்டிலில் வைத்து, நீடிலை மூடிக்கொண்டே போய், உச்ச சத்தம் வந்ததும் "இதுதான்டா" என்று நிறுத்துவதை ஒரு வீரமாகவே செய்கிறோம். தரையில் உச்சம் என்றால் வானத்தில் லீன். இதை யோசிச்சுப் பாருங்க: இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. எண்ணெய் வருவதே எரிபொருளோடுதான். நீடிலை மூடும்போது எரிபொருள் மட்டும் குறையவில்லை, எண்ணெயும் குறைகிறது. ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும் மெத்தனாலும் குறைகிறது. சூடு கூடினால் பற்றும் நேரம் முன்னுக்கு வரும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். ஒரு தப்பு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் அமைப்பு இது.

ஆகவே இப்படிச் செய்யுங்க. கம்பெனி புத்தகம் இல்லையென்றால் நீடிலை இரண்டரைச் சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். முழு த்ராட்டிலில் மெதுவாக மூடிக்கொண்டே வாங்க. முதலில் கரடுமுரடாக, ஒன்று விட்டு ஒன்று அடிக்கும் சத்தம். பிறகு திடீரென்று சீறலாக மாறும். உச்சத்தைத் தொட்டதும் திரும்பத் திறந்து, 300 முதல் 500 ஆர்.பி.எம். விழும் வரை வாங்க. டேக்கோமீட்டர் இல்லையா? பிரச்சினை இல்லை. எரிபொருள் குழாயை ஒரு கணம் விரலால் நசுக்கி விடுங்க. வேகம் கொஞ்சம் ஏறிப் பிறகு இறங்கினால் சரி. ஏறாமலே தொய்ந்தால் ஏற்கெனவே லீன். அப்புறம் ஒருத்தர் விமானத்தை மூக்கு மேலாகத் தூக்கிப் பிடிக்கட்டும், இறுக்கமாக. சத்தம் தளர்ந்தால் இன்னும் இரண்டு கிளிக் திறக்கணும். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு டேக்-ஆஃப் பண்ண யாரையும் விடாதீங்க. இன்ஜின் நிற்பது பெரும்பாலும் ஏறும்போதுதான், அதாவது உயரமும் வேகமும் இரண்டுமே இல்லாத நேரத்தில்.

லோ-எண்ட் அதற்குப் பிறகுதான். ஐட்லில் குழாயை நசுக்கினால், வேகம் லேசாக ஏறி மூன்று நான்கு விநாடியில் அணைய வேண்டும். உடனே அணைந்தால் லீன், ரொம்ப நேரம் இழுத்தால் ரிச். இங்கே ஒரு கண்ணி இருக்கு. டபுள் நீடில் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் லீன் ஆகும். ஏர்-பிளீட் வகையில் அதே திருப்பம் காற்றை அடைப்பதால் ரிச் ஆகும். எது என்று பார்க்காமல் திருப்பிவிட்டு, "இந்த இன்ஜினுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

நீடில் எவ்வளவு திருப்பினாலும் அடங்காத இன்ஜினில், பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி இன்ஜின் இல்லை, டேங்க். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் நீடிலின் மட்டத்தில் அல்லது ஒரு சென்டிமீட்டருக்குள் கீழே இருக்கணும். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு வரும் பிரஷர் குழாய் கழன்றிருக்கா, சிலிக்கான் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருக்கா, உள்ளே இருக்கும் கிளங்க் ஒரு மோசமான லேண்டிங்கில் முன்பக்கம் போய் மாட்டிக்கொண்டதா, பாருங்க. டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்க, இல்லாவிட்டால் அதிர்வில் நுரை தட்டும். நுரை என்றால் காற்று, காற்று என்றால் லீன்.

இன்னொன்று, நேற்று மதியம் வைத்த நீடில் இன்று காலைக்கு ஆகாது. மதியச் சூட்டில் காற்று லேசு, அதற்கேற்ப மூடியிருப்பீங்க. விடியற்காலையில் காற்று அடர்த்தி கூட, அதே நீடிலில் இன்ஜின் லீனாக ஓடும். காலையில் முதலில் இரண்டு கிளிக் திறந்துவிட்டுத் தொடங்குங்க. நம்ம கடலோர ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லை: மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மூடி சரியாக மூடாத கேனில் ஒரு மாதம் இருந்த எரிபொருளை வைத்துக்கொண்டு இன்ஜினைத் திட்டாதீங்க.

புரொப்பெல்லர் பற்றிச் சுருக்கமாக. .46-க்கு 11x6 நல்ல ஆரம்பம். 12,000 ஆர்.பி.எம்.-ல் அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஓடும் இன்ஜினில் நீடிலை எப்போதும் பின்பக்கம் நின்று திருப்புங்க. விரலால் சுண்டாதீங்க, குச்சியோ ஸ்டார்ட்டரோ பயன்படுத்துங்க. எரிபொருள் நிரம்பி வழிந்த இன்ஜினில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டுத்தான் மறுபடி முயற்சி.

இப்போ அந்த நிபந்தனைகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது இதே மெத்தனாலால்தான். பார்க்க ஸ்பிரிட் மாதிரி, வாசனையும் கிட்டத்தட்ட அப்படியே. 10 மில்லியே கண்பார்வையைப் பறிக்கலாம். குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்க ஆரம்பிக்கும், அதற்குள் நேரம் போயிருக்கும். வெயிலில் அது எரிந்தால் சுடரும் கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சாமானைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஹாஸ்டல் அறைக் கட்டிலுக்குக் கீழே வைக்கும் வழக்கம் கல்லூரிக் கிளப்புகளில் உண்டு. அது எங்கே நடந்தாலும் அன்றைக்கே நிற்கணும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிம விதிகள் இருக்கு. கெமிஸ்ட்ரி லேபுக்கு எந்த வழியில் வருகிறதோ அதே வழியில், துறையின் கையெழுத்தோடு, அளவு பார்த்து வரணும். விஷம் என்று தமிழில் பெரிதாக எழுதிய உலோகக் கேன், பூட்டிய அலமாரி, எவ்வளவு எடுத்தோம் எவ்வளவு திரும்பி வந்தது என்ற நோட்டு. கலக்கும்போது கையுறை.

இன்ஜினுக்கும் ஒரு பக்கம் அதே நோட்டில் ஒதுக்குங்க: அன்றைய நீடில் எத்தனை சுற்று, என்ன பிளக், என்ன புரொப்பெல்லர், காலையா மதியமா. பறந்து முடிந்ததும் குழாயைக் கழற்றி மிச்ச எரிபொருளை ஓட்டித் தீர்த்து, நாலு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டுச் சுற்றி வையுங்க. இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டரில் அந்தக் கரகர சத்தம் உங்களுக்குத்தான். நோட்டையும் அலமாரிச் சாவியையும் யார் பொறுப்பெடுத்துக்கொள்வது என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பெயரைச் சொல்லுங்க. அதற்கு ஒருத்தரும் முன்வரவில்லை என்றால், இன்ஜினை விற்கலாம் என்று முதல் கையை நானே தூக்குகிறேன்.