பாலித் தீவின் இரு சகோதரிகள்

பாலித் தீவு என்றதும் நம் நேயர்களுக்குக் கோயில்களும், நாட்டியமும், தென்னஞ் சோலைகளும் நினைவுக்கு வரும். மழைக்காலந்தோறும் அத்தீவின் கடற்கரையில் பிளாஸ்டிக் குப்பை வந்து குவிவதை நினைப்பவர் சிலரே. 2013-ம் ஆண்டில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் இருவர் சிறுமிகள். மெலாட்டி விஜ்ஸனுக்கு வயது 12. தங்கை இஸபெலுக்கு 10. பள்ளியில் மண்டேலா, டயானா, காந்தியடிகள் ஆகியோரைப் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில், தாங்களும் ஏதேனும் செய்வதற்குப் பெரியவர்களாகும் வரையில் காத்திருப்பானேன் என்று பேசிக்கொண்டார்களாம்.

இத்தகைய பேச்சு எந்த வீட்டிலும் எழக்கூடியதுதான். மறுநாள் மறந்துபோவதும் சகஜமே. இவர்கள் மறக்கவில்லை. உலகத்தையே திருத்தப் புறப்படாமல் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்: கடையில் இனாமாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை.

பத்து லட்சம் கையொப்பம் சேர்த்தால் சர்க்கார் செவிசாய்க்கும் என்று எண்ணினார்கள். அத்தனை ஜனங்களை எங்கே தேடுவது? விமான நிலையத்தில்! உள்ளே நின்று கையொப்பம் வாங்க அனுமதி கேட்டு அவர்கள் அலைந்த கதை மிகவும் ரஸமானது. முதலில் கண்டு பேசியது பெருக்கித் துடைக்கும் சிப்பந்தியை. அப்புறம் அவருக்கு மேலே உள்ளவரை. அவருக்கும் மேலே உள்ளவரை. நடுவில் இரண்டு படி கீழேயும் இறக்கிவிடப்பட்டார்கள். பல நாள் கதவைத் தட்டிய பிறகே, அனுமதி கொடுக்கக்கூடியவரின் அறை திறந்தது. பட்டாவுக்காகக் காரியாலயப் படியேறி இறங்கிய நம் நேயர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் நாம் நாற்பது வயதில் முணுமுணுத்துக்கொண்டு பயிலும் வித்தையை அவர்கள் பள்ளிப் பருவத்திலேயே பயின்றார்கள். தலைமைக் குணம் வளரட்டும் என்று நாம் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, கோப்பை வருமா என்று வாசலைப் பார்த்திருக்கிறோம். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, இல்லையென்று சொன்னால் மறுநாள் எந்த முகத்துடன் போய் நிற்பது என்பதையெல்லாம் பிரசங்க மேடை கற்பிப்பதில்லை.

கவர்னரின் பேட்டி எளிதில் கிட்டவில்லை. அச்சமயம் இந்தியாவுக்குப் பேச வந்த சகோதரிகள், காந்தியடிகள் வசித்த இல்லம் ஒன்றைப் பார்த்தார்கள். உடனே உண்ணாவிரதம் என்று தீர்மானித்துவிட்டார்கள்! சிறுமிகளாதலால் உணவு நிபுணரின் மேற்பார்வையில், உதயம் முதல் அஸ்தமனம் வரையில் மட்டுமே விரதம். காந்திஜியின் விரதங்களோடு இதை ஒப்பிட நமக்குச் சம்மதமில்லை. குழந்தைகள் பட்டினி கிடப்பதைச் சிபாரிசு செய்யவும் மாட்டோம். ஆயினும் கவர்னரின் அழைப்பு விரைவிலேயே வந்தது. 2018-க்குள் பைகளை ஒழிக்கத் துணை செய்வதாக அவர் கையெழுத்திட்டார்.

நம்மில் பலர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஓய்ந்திருப்போம். அவர்களோ பெரெரெனான் என்ற ஒரு கிராமத்தில் வீடு வீடாக வேலை செய்தார்கள். பை கொடுக்காத கடைகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டினார்கள். 2017 பிப்ரவரியில் தீவெங்கும் துப்புரவு வேலைக்கு ஆயிரக்கணக்கானோரைத் திரட்டினார்கள். ஒரு நாள் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். இந்தத் துப்புரவோ, பல வருஷ வேலையின் நடுவே வந்த ஒரு நாள்.

புதிய கவர்னர் 2018 டிசம்பரில் பிளாஸ்டிக் பை, உறிஞ்சு குழாய், ஸ்டைரோஃபோம் ஆகியவற்றுக்குத் தடை விதித்தார். ஆறு மாத அவகாசத்துக்குப் பின் அது அமலுக்கு வந்தது. மற்றும் பலரது உழைப்பும் அதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. பையை விரட்டப் புறப்பட்டபோது மெலாட்டிக்கு 12 வயது. தடை வந்தபோது சுமார் 18. இடைப்பட்ட அத்தனை வருஷமும் பெற்றோர், "முதலில் படிப்பைப் பார்" என்று தடுத்துவிடவில்லை. நம் வீடுகளில் இதுவே கடினமான பகுதி என்று தோன்றுகிறது.

தடைக்குப் பிறகும் மழைக்காலத்தில் கடல் குப்பையைக் கொண்டுவந்து ஒதுக்காமல் இல்லை. மெலாட்டி 2020-ல் யூத்தோப்பியா என்ற அமைப்பைத் தொடங்கினாள். இத்தகைய காரியங்களை நடத்தும் விதத்தைப் பிற நாட்டு இளைஞர்களுக்குக் கற்பிப்பது அதன் வேலை. அங்கே கற்றுக்கொடுப்பவர்களும் இளைஞர்களே.