ஒருமுறை தங்கியது சான்றிதழ் அல்ல

கரு கலைந்த பிறகும், ‘ஒருமுறை கரு தங்கியதே, அப்புறம் ஆணுக்கு எதற்கு விந்தணு டெஸ்ட்?’ என்று வாதிடுகிறார்கள். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகிறது. இடையில் வந்த கடும் காய்ச்சல், புகைப்பழக்கம், வெரிகோசில் எனும் விதைப்பை ரத்தநாளப் புடைப்பு எதுவும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். போன வருடத்து விந்தணு இந்த வருடத்துக்குச் சாட்சி சொல்லாது. கரு கலைந்ததிலும் அவன் பங்கு இருக்கலாம்; விந்தணுவின் டிஎன்ஏ சிதைவுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

துக்கம் ஆறுமுன்னே அவளுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் சாயம் செலுத்தி வலியோடு எக்ஸ்ரே. அவனுக்கோ 2 முதல் 7 நாள் உறவிலிருந்து விலகியிருந்து, விந்து சேகரிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். அதற்கே ‘ஆம்பளைக்கு எதுக்கு’ என்று மாமியார் குறுக்கே நிற்பார். (மாமனார் பேப்பருக்குள் ஒளிந்துகொள்வார்.)

அடுத்த முறை இருவர் பெயரிலும் டோக்கன் போடுங்கள்.