இமையால் ஒரு சொல்

பாரிசவாதத்தால் நாவும் கையும் அடங்கிய தந்தையோடு பேசுவது எவ்வாறு என்று கிளிநொச்சி மாணவர் ஒருவர் வினவினார். கண்ணசைவால் இயங்கும் கணினிகள் உள. வன்னியின் எல்லா வீடுகளுக்கும் அவை எட்டவில்லை.

1995இல் அவ்வாறே வீழ்ந்த பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர் ஜான் டொமினிக் போபி, இடக்கண் இமையசைவு ஒன்றாலேயே நூலொன்றை எழுதுவித்தார். உதவியாளர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்வார். வேண்டியது வந்ததும் அவர் இமைப்பார். 1997இல் நூல் வெளியாயிற்று.

தமிழில் 247 எழுத்தாயிற்றே என்று மலைக்க வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. அட்டையில் 31 கட்டங்கள் போதும். (கிரந்த எழுத்தின்றி முடியாதவர் ஓரத்திலே சேர்த்துக்கொள்க!) கட்டங்களை விரலால் தொட்டுச் செல்லுங்கள். 'க்' என்பதற்கு ஓரிமைப்பு, 'ஆ' என்பதற்கு ஓரிமைப்பு, 'கா' பிறந்துவிடும்.

ஆனால், 'த்' என்று அவர் காட்டியவுடன் தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள். தம் தங்கையை அழைக்க நினைத்திருக்கலாம்.