லேபிள் வெட்டிய விளையாட்டு

பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்களுக்குள்ளும் மேல், கீழ் உண்டு. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் சிவப்பு வெள்ளை ஃபேமிகாம் வைத்திருப்பவருக்கு முதல் மரியாதை. அதையே அமெரிக்காவுக்காகச் சாம்பல் நிறப் பெட்டியில் போட்டு விற்ற என்.இ.எஸ். வைத்திருப்பவருக்கு அடுத்த மரியாதை. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடையில் ‘டிவி கேம்’ என்று கேட்டு வாங்கிய பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வருபவருக்கு மரியாதையே கிடையாது. டூப்ளிகேட் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு இந்தத் தீர்ப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வட்டாரத்தில் பழைய கேம் மீது ஆசை கொண்டவர் முதலில் தேட வேண்டியதும், பழுது பார்க்க வேண்டியதும், உட்கார்ந்து விளையாட வேண்டியதும் அந்த டூப்ளிகேட்டைத்தான். எங்கள் ஊர்க் காதர்பேட்டைச் சந்தையில் குவிந்து கிடக்கும் டி-ஷர்ட்டில் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பக்கம் புரட்டினால் லேபிள் பாதியாக வெட்டப்பட்டிருக்கும். நூல், சாயம், ஓவர்லாக் எதிலும் குறை இருக்காது. ஆர்டர் ரத்தாகியிருக்கும், அல்லது கேட்டதற்கு மேல் கொஞ்சம் அதிகம் ஓட்டியிருப்பார்கள். லேபிள் போனதும் விலை இறங்கிவிடும், உடுப்பு அப்படியே இருக்கும். இதைத் தினம் பார்க்கிற ஊர், மேலே யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பொருளை எடைபோடலாமா?

அந்தப் பெட்டி இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும். மசாயுகி உவேமுரா வடிவமைத்த ஃபேமிகாமில் போலி கேசட்டைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. அமெரிக்கப் பெட்டிக்குத்தான் பூட்டுச் சில்லு சேர்த்தார்கள். கேசட்டின் பின்களையும் 60லிருந்து 72 ஆக்கினார்கள். பூட்டில்லாத அந்த 60 பின் வடிவத்தைத் தைவானிலும் பிறகு சீனாவிலும் பிரதியெடுத்தார்கள். முதலில் தனித்தனிச் சில்லுகளாக இருந்தது, போகப் போக மொத்தமும் ஒரே சில்லுக்குள் அடங்கி, அதன் மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பசையோடு முடிந்துபோனது. மறுபக்கம், ஒரிஜினல் இந்தியாவுக்குள் நுழையும் வாசல் குறுகலாக இருந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிப்பதற்காக சேகா நிறுவனம் 1995இல் ஷா வாலஸ் என்ற இந்திய நிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் போட்டது. அப்படியும் சேகா பெட்டியின் விலை 18,000 ரூபாய். பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் கைமடியிலும் நின்றவருக்கு அது பல மாதச் சம்பளம். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த பெட்டிகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்தன. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தபோது, லைன் வீடுகளில்கூட அந்தப் பெட்டியைச் செருக ஒரு திரை கிடைத்துவிட்டது. ஒரிஜினலை விரட்டிவிட்டு டூப்ளிகேட் இங்கே குடியேறியது என்று சொல்வது தவறு. ஒரிஜினல் எட்டிப் பார்க்காத வீடுகளுக்குத்தான் அது வந்தது.

கேசட்டைச் செருகியதும் முதலில் வருவது ஒரு பட்டியல். 9999 இன் 1 என்று அட்டை சொல்லும். உள்ளே இருப்பவை சில பத்து விளையாட்டுகள், பல கேசட்டுகளில் அதுவும் கிடையாது. அதே மரியோ மூன்றாவது கட்டத்தில் தொடங்கினால் ஒரு எண், அதே கான்ட்ரா வேறு துப்பாக்கியோடு தொடங்கினால் இன்னொரு எண். பல கேசட்டுகளில் விளையாட்டின் முகப்பில் இருந்த நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் அழித்துவிட்டே போட்டார்கள். பேட்டில் சிட்டியை 1985இல் வெளியிட்டது நாம்கோ. ரோட் ஃபைட்டரும் கான்ட்ராவும் கோனாமியுடையவை. தீவில் கல் கோடரி எறிந்தபடி பழம் பொறுக்கும் அட்வெஞ்சர் ஐலண்ட் 1986இல் ஹட்சன் சாஃப்ட் கொண்டுவந்தது. இந்த விவரமெல்லாம் இல்லாமலேயே ‘டேங்க் கேம்’, ‘கார் கேம்’ என்று பெயர் வைத்து ஒரு தலைமுறை விளையாடி முடித்தது. இதுவும் லேபிள் வெட்டிய சரக்குதான். மொழி தெரிய வேண்டிய அவசியமும் இல்லாததால், தேனியிலிருந்து தையலுக்கு வந்தவரும் ஒடிசாவிலிருந்து வந்தவரும் சிறு வயதில் ஒரே கான்ட்ராவை ஆடியிருக்க வாய்ப்பிருக்கிறது.

டூப்ளிகேட் என்றால் அச்சு அசல் நகல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நுட்பமான விஷயம் சொல்ல வேண்டும். ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தன. இந்தியாவில் நாம் பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 முறை. நின்டெண்டோவே ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டியில் கடிகாரத்தின் வேகத்தையும் குறைத்தார்கள், அதனால் சுருதியும் கொஞ்சம் இறங்கியது. தைவானிலிருந்து பால் நாடுகளுக்கு வந்த நகல் சில்லுகள் வேறு வழி பிடித்தன. கடிகாரத்தை ஏறக்குறைய ஜப்பானிய வேகத்திலேயே ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் இடைவெளியை மட்டும் நீட்டின. ஜப்பானிய விளையாட்டுகள் பிசகாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த தந்திரம் இது. விளைவு, மரியோவின் இசை சுருதி மாறாமல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஒலித்தது. ஜப்பானியரும் அமெரிக்கரும் அப்படிக் கேட்டதில்லை, நின்டெண்டோவின் பெட்டி வைத்திருந்த ஐரோப்பியரும் கேட்டதில்லை. இன்று கணினியில் பழைய கேம் ஓட்டும் எமுலேட்டர்களில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. அதன் பெயர் ‘டெண்டி’.

டெண்டி என்பது 1992 டிசம்பரில் ஸ்டீப்ளர் நிறுவனம் ரஷ்யாவில் விற்கத் தொடங்கிய நகல் பெட்டி. அங்கே அதற்கெனத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது, பத்திரிகை வந்தது. போலந்தில் 1991 வாக்கில் வந்த நகலின் பெயர் பெகாசஸ். நம் ஊரில் பெகாசஸ் என்றால் ஓவர்லாக் மெஷின்தான் நினைவுக்கு வரும். ஒசாகாவின் அந்தக் கம்பெனிக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்த உறவும் இல்லை. ரஷ்யரும் போலந்துக்காரரும் தங்கள் நகல் பெட்டியைப் பற்றி வெட்கப்படுவதில்லை. எந்த மாதிரி எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, எந்தக் கேசட்டில் என்ன மாற்றம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எமுலேட்டர் எழுதியவர்கள் அந்த அமைப்புக்கு ரஷ்யப் பெட்டியின் பெயரை வைத்ததும் அதனால்தான். அதே வகைப் பெட்டிகள் இந்தியாவிலும் ஏராளமாக விற்றன, நாம் பட்டியல் போடவில்லை. அதனால் நம் பெயர் அதில் இல்லை.

இது திருட்டுச் சரக்கு, அதைக் கொண்டாடலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. காதர்பேட்டையின் சர்ப்ளஸ் உடுப்பு, ஆர்டர் கொடுத்தவருக்காக முறைப்படி தைத்தது. டிவி கேம் கேசட்டால் நாம்கோவுக்கோ கோனாமிக்கோ ஒரு பைசா போகவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது; அந்த உரிமை இன்னும் பல பத்தாண்டுகளுக்குத் தீராது. ஆனால் சேகரிப்பவர் நகல் போட்டு விற்பவர் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் விற்றுத் தீர்ந்த ஒரு பொருளை எடுத்து வைத்து, இது இன்னார் செய்த விளையாட்டு, இந்த ஆண்டு வந்தது என்று எழுதி ஒட்டுகிறவர். வெட்டிய லேபிளைத் திரும்பத் தைப்பது திருட்டுக்கு நேர் எதிரான வேலை. லட்சக்கணக்கில் உடுப்பு அனுப்பியும் அதை அணிகிறவருக்குத் தன் ஊர்ப் பெயர் தெரியாத வருத்தம் உள்ள திருப்பூர், செய்தவர் பெயர் அழிவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கும் புதிதாக அச்சிட்டு ஆன்லைனில் விற்கும் 400 இன் 1 கைப்பெட்டிகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றை வாங்க வேண்டாம்.

செல்போனிலேயே எல்லா விளையாட்டும் ஓடும்போது பெட்டி எதற்கு என்பது அடுத்த கேள்வி. நின்டெண்டோவே சந்தா வாங்கிக்கொண்டு பழையவற்றைத் தருகிறதே என்றும் சொல்வார்கள். தருவது எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது முறைப்படி வாங்கக் கிடைக்கவில்லை. கடையேறிய ஒரிஜினல்களின் நிலையே இது. 1994இல் வந்த சோமாரி போன்றவற்றை, அதாவது சேகாவின் சோனிக் விளையாட்டுக்குள் நின்டெண்டோவின் மரியோவை ஓடவிட்ட விசித்திரத்தை, எந்த நிறுவனமும் மறுபடி வெளியிடப் போவதில்லை. 9999 என்று பொய் சொல்லும் அந்தப் பட்டியலையும் எந்தச் சந்தாவும் தராது. வாத்து சுடும் டக் ஹன்ட் இன்னொரு சாட்சி. விளையாட்டுத் துப்பாக்கியின் விசையை அழுத்திய கணத்தில் திரை முழுக்கக் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். பழைய குழாய் டிவி தாமதமில்லாமல் வரைந்ததால் அது நடந்தது. இன்றைய தட்டைத் திரை கொஞ்சம் தாமதிக்கிறது, துப்பாக்கி குருடாகிவிடுகிறது. பரணில் கிடக்கும் இலவச டிவி தேவைப்படுவது இங்கேதான்.

மட்டமான சரக்கு, நிற்காது என்பதில் பாதி உண்மை. பசைச் சொட்டுக்குக் கீழே உள்ள சில்லு போனால் போனதுதான். ஆனால் பழுது பெரும்பாலும் அங்கே வருவதில்லை. கேசட் செருகும் இடத்தில் களிம்பு, ஜாய்ஸ்டிக்கின் ரப்பரில் தேய்மானம், ஒயருக்குள் அறுந்த கம்பி, சூடேறிக் கெட்ட ரெகுலேட்டர் என்று சாலிடரிங் ராடு பிடிக்கத் தெரிந்த யாரும் சரிசெய்யக் கூடியவைதான் அதிகம். தையல் மெஷினின் சர்வோ மோட்டார் போர்டையே பிரித்துப் பார்க்கும் ஊருக்கு இது பெரிய வேலை இல்லை. கேசட்டில் வாயால் ஊதுவதை மட்டும் நிறுத்த வேண்டும். ஈரம் பட்டுக் களிம்பு கூடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். ஒரிஜினலின் கதையோ வேறு. 2021 ஆகஸ்டில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேசட் 20 லட்சம் டாலருக்குப் போனது. பிரித்தால் விலை போய்விடும் என்பதால் அதை யாரும் விளையாடப் போவதில்லை. அது பங்குச் சந்தை, பொழுதுபோக்கு இல்லை.

அப்படியும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் திருப்பூர்க்காரருக்கு ஒரு யோசனை. 1986இல் ஃபேமிகாமுக்கு வந்த டிஸ்க் ஒன்று மரியோ உருவங்களை வைத்து ஸ்வெட்டர் டிசைன் போடுவதற்கானது. எண்பதுகளின் பிற்பாதியில் என்.இ.எஸ்.ஸோடு இணைக்கும் பின்னல் இயந்திரம் ஒன்றை விற்க நின்டெண்டோ யோசித்தது. அப்போது அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் ஃபிலிப்ஸ் 2012இல் அதன் விளம்பரத்தாளை வெளியிட்டார், இயந்திரம் சந்தைக்கு வரவேயில்லை. 2000 வாக்கில் சிங்கர் நிறுவனம் இசெக் என்ற தையல் இயந்திரத்தை விற்றது. கேம் பாயைக் கேபிளில் இணைத்து அதன் திரையில் தையல் வகையைத் தேர்வு செய்ய வேண்டும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மூன்று நிறம் வைத்து வரையும் ஃபேமிகாம் உருவத்தைப் பார்த்ததும், ஜக்கார்ட் பின்னலுக்குக் கட்டம் போடுகிறவருக்கு அது தன் வேலை என்று புரிந்துவிடும். அந்த டிஸ்க்கையும் விளம்பரத்தாளையும் தையல் இயந்திரத்தையும் தேடுகிற உரிமை வேறு எந்த ஊரைவிடவும் நமக்கு அதிகம்.

மற்றவர்கள் பரணைப் பாருங்கள். பெட்டி கிடைத்தால் உடனே பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கேசட்டின் பட்டியலைக் கடைசிப் பக்கம் வரை தள்ளி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். வாங்கிய கடை, ஊர், ஆண்டு, விலை ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தக் காலத்து பில் ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். இந்தியாவில் எந்தப் பெட்டி எப்போது, என்ன விலைக்கு விற்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.