பட்டியலை முதல் நாளே எழுதுங்கள்

பைத்தானில் புதிய ப்ராஜெக்ட் தொடங்குகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. முதலில் நிரலை எழுதி முடிப்போம், எந்தெந்த லைப்ரரி தேவை என்ற பட்டியலைக் கடைசியில் 'பிப் ஃப்ரீஸ்' என்ற கட்டளையைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. கல்லூரி ப்ராஜெக்ட் முதல் கம்பெனி வேலை வரை இந்தப் பழக்கம் இருக்கிறது. இது தவறு. நிரலைப் பின்னாளில் கையில் வாங்குகிறவர்தான் இதற்காக அவதிப்படுகிறார்.

தட்டும் நேரத்தில் அந்த பைத்தானில் நிறுவப்பட்டிருக்கும் அத்தனையையும் பிப் ஃப்ரீஸ் கொட்டிவிடும். நாம் கேட்டு வாங்கியது எது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது எது, முயன்று பார்த்துக் கைவிட்டது எது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ப்ராஜெக்ட்டுக்கெனத் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வைக்காதவருக்கு மற்ற ப்ராஜெக்ட்டுகளின் சரக்கும் சேர்ந்தே வரும். பிறகு ஒரு வரியை நீக்கக்கூட யாருக்கும் துணிச்சல் வராது.

நிரலைப் பார்த்துப் பட்டியலைக் கையால் எழுதிவிடலாம் என்பவர்களுக்கும் வழியில்லை. நிரலில் 'சிவி2' என்று இம்போர்ட் செய்வதை பிப்பில் 'ஓபன்சிவி-பைத்தான்' என்று கேட்க வேண்டும். 'பிஎஸ்4' அங்கே 'பியூட்டிஃபுல்சூப்4'. பெயரைத் தேடிப் பிடித்தாலும் எந்த வெர்ஷனில் ஓடியது என்பது ஊகம்தான்.

நேரடியாகப் பயன்படுத்தும் லைப்ரரிக்கு மட்டும் வெர்ஷன் எழுதினால் போதும் என்பது அதே தவறான நம்பிக்கையின் இன்னொரு முகம். 2023 செப்டம்பர் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். ஃபிளாஸ்க் என்ற லைப்ரரியின் வெர்ஷனை 2.2.2 என்று கச்சிதமாக எழுதி வைத்திருந்த ப்ராஜெக்ட்டுகள் புதிதாக நிறுவியதும் எழும்பவே இல்லை. ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும் வெர்க்சாய்க் என்ற லைப்ரரி, 3.0 வெர்ஷனில் 'யூஆர்எல்_குவோட்' என்ற ஃபங்ஷனை நீக்கியிருந்தது. ஃபிளாஸ்க் 2.2.2 அதை இம்போர்ட் செய்கிறது. ஆனால் அது வெர்க்சாய்க்கின் குறைந்தபட்ச வெர்ஷனைக் கேட்டதே தவிர, மேல் வரம்பு வைக்கவில்லை. பிப் புதியதைக் கொண்டுவந்து போட்டது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறாமலே அது உடைந்தது.

தொடக்கத்தில் என்ன தேவைப்படும் என்று தெரியாதே என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. ஒரு லைப்ரரியை நிறுவும் அன்றே ஒரு வரி சேர்த்தால் போதும். வெர்ஷனைப் பூட்டினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராதே என்பார்கள். உண்மைதான், நாம்தான் சோதித்து ஏற்ற வேண்டும். ஆனால் 2021 டிசம்பரில் ஜாவா உலகில் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது நிறுவனங்கள் முதலில் கேட்ட கேள்வி, அது நம்மிடம் இருக்கிறதா, எந்த வெர்ஷன் என்பதுதான். பூட்டிய பட்டியல் வைத்திருப்பவர் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வார்.

செய்ய வேண்டியது எளிது. கையால் எழுதும் சிறு பட்டியல் ஒன்று, நமக்கு வேண்டியவை மட்டும். அதிலிருந்து கருவி உருவாக்கும் முழுப் பட்டியல் இன்னொன்று, அடியில் உள்ளவை உட்பட எல்லாம் துல்லியமான வெர்ஷனோடு. பிப்-டூல்ஸ், பொயட்ரி, யூவி எல்லாம் இதைச் செய்கின்றன. பிப்-டூல்ஸ் ஒவ்வொரு வரியும் எதன் மூலம் வந்தது என்றும் குறித்துவிடுகிறது. இரண்டையும் முதல் கமிட்டிலேயே சேர்த்துவிடுங்கள். எந்தெந்த லைப்ரரியின் மேல் நிற்கிறது என்று சொல்லாத நிரலை முடிந்த வேலை என்று அடுத்தவரிடம் ஒப்படைக்க நமக்கு உரிமை இல்லை.