புராஸ்டேட் கேன்சர்: 'இருக்கா, இல்லையா' மட்டும் போதுமா? 'எங்கே இருக்கு' என்பது ஏன் முக்கியம்?

மயிலாப்பூரில் அப்பா எடுத்த பிஎஸ்ஏ ரிப்போர்ட், ஓஎம்ஆர் ஆபீஸில் இருக்கும் மகளின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. அளவு அதிகம். அடுத்து பயாப்ஸி. 'கேன்சர் இல்லை' என்றதும் வீடே நிம்மதியாகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பிஎஸ்ஏ இன்னும் ஏறியிருக்கிறது. எப்படி?

விடை, சுரப்பியின் அமைப்பில் இருக்கலாம்.

ஒரு சுரப்பி, மூன்று பகுதி

பெரிய நெல்லிக்காய் அளவுள்ள புராஸ்டேட்டில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு.

* வெளிப்பகுதி: மலக்குடலை ஒட்டியது. சுமார் 70% புற்றுநோய்கள் இங்கேதான் தொடங்குகின்றன.
* இடைநிலைப் பகுதி: சிறுநீர்க் குழாயைச் சுற்றியது. வயதானால் வீங்குவது இதுதான். ராத்திரியில் நாலு முறை பாத்ரூம் போக வைப்பதும் பெரும்பாலும் இந்த வீக்கமே. சுமார் 20-25% புற்றுநோய்கள் இங்கே.
* மையப் பகுதி: இங்கே புற்றுநோய் அபூர்வம்.

டாக்டர் விரலால் தொட்டுப் பார்க்கும்போது சிக்குவது வெளிப்பகுதி. மலக்குடல் வழியாகச் செய்யும் வழக்கமான பயாப்ஸி ஊசியும் பின்பக்கத்தையே எளிதாக எட்டும். முன்பக்கம் ஒளிந்திருக்கும் கட்டி தப்பிவிடலாம். பயாப்ஸிக்கு முன்பே எம்ஆர்ஐ எடுக்கும் வழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மரபணுவும் வேறயா?

ஆமாம். 2005இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு ஒரு முக்கியமான கண்டுபிடிப்பை வெளியிட்டது. 21ஆவது குரோமோசோமில் உள்ள டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்கின்றன. முதலாவது, ஆண் ஹார்மோன் வந்தால் 'ஆன்' ஆகும் மரபணு. ஒட்டிய பிறகு, அதே ஹார்மோன் ஈஆர்ஜியையும் முடுக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு சுவிட்சைத் தட்டினால் நம்ம வீட்டு மோட்டார் ஓடுகிற கதைதான்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த இணைப்பு உண்டு. ஆனால், இடைநிலைப் பகுதிக் கட்டிகளில் இது மிகக் குறைவு. ஒரே ஆளின் சுரப்பியில் இரண்டு கட்டிகள் இருந்தால், ஒன்றில் இணைப்பு இருந்து, இன்னொன்றில் இல்லாமல் போகலாம். அப்படி இருந்தால், அவை தனித்தனியாக முளைத்தவையாக இருக்கலாம். ஒரு கட்டியின் மரபணு ரிப்போர்ட்டை வைத்து அடுத்த கட்டியை எடைபோட முடியாது.

அப்போ சிகிச்சை மாறுமா?

இப்போதைக்கு, பகுதியை மட்டும் வைத்து மாறாது. பிஎஸ்ஏ, கிளீசன் மதிப்பெண், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பவையே தீர்மானிக்கின்றன. இடைநிலைப் பகுதிக் கட்டிகள் பிஎஸ்ஏ அதிகமாக இருந்தும் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருப்பது உண்டு. அதனால் எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம், ஒரு 'இல்லை'யைப் பார்த்து ஃபைலை மூடவும் வேண்டாம். பிஎஸ்ஏ ஏறிக்கொண்டே போனால், "எம்ஆர்ஐயில் முன்பக்கம் பார்த்தாச்சா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். புற்றுநோய் உறுதியானால், "எந்தப் பகுதியில்?" என்றும் கேட்கலாம்.

சென்னை செய்ய வேண்டியது

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் சென்னையின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவு செய்துவருகிறது. சென்னை ஆண்களைத் தாக்கும் முதல் 10 புற்றுநோய்களில் புராஸ்டேட்டும் ஒன்று. அருகிலேயே உள்ள சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு அட்டவணை'யை வெளியிட்டது. தொடக்கம், 480 மார்பகப் புற்றுநோய் மாதிரிகள்.

புராஸ்டேட்டின் முறை வரும்போது, ஒவ்வொரு மாதிரியிலும் அது சுரப்பியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். சீன, ஜப்பானிய ஆண்களிடம் இந்த மரபணு இணைப்பு மேற்கத்தியர்களை விடக் குறைவு என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே மயிலாப்பூர் அப்பாவுக்குப் பொருத்த முடியாது. அட்ரஸ் இல்லாத மாதிரியை வைத்து நம்ம ஊருக்கான மருத்துவத்தை உருவாக்கவும் முடியாது.