டயர் 80 சதவீதம் இருக்காம்!

செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரம் எதைத் திறந்தாலும் இந்த மூணும் இருக்கும்: சிங்கிள் ஓனர், கம்மி கிலோமீட்டர், டயர் 80 சதவீதம். மூணாவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோணும், எதுல 80 சதவீதம்?

அவங்க சொல்றது பட்டனை. பட்டன் முக்கியம்தான், மழையில் ரோட்டுத் தண்ணியை வெளியே தள்ளுறது அந்தப் பள்ளங்கள்தான். காருக்குக் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேணும்னு சட்டமே சொல்லுது. ஆனா டயர் தேய்ஞ்சு மட்டும் சாகிறதில்லை, வயசாகியும் சாகும். காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரோட பாலிமர் சங்கிலிகளை மெதுவா உடைக்கும், இறுக்கும். நம்ம ஊர் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். சைடுவாலில் மெல்லிசா வெடிப்பு விடும். உள்ளே ஸ்டீல் பெல்ட்டைப் பிடிச்சிருக்கிற ரப்பர் பலவீனமாகிறது வெளியில் தெரியவே தெரியாது. ஒருநாள் ஹைவே வேகத்தில் அந்த அடுக்கு பிரிஞ்சு வந்துடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. வெடிப்பைத் தடுக்க டயரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறாங்க. டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் அது மேல்பரப்புக்கு நல்லா வந்து சேரும். அப்போ ‘ஷெட்லயே நின்ன வண்டி சார்’ என்பது பெருமையே இல்லை. டிக்கியில் தூங்குற ஸ்டெப்னி இன்னும் மோசம். பட்டன் புத்தம் புதுசா இருக்கும், வயசு மட்டும் காரோட வயசு!

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ பால் வாக்கர் 2013-ல் இறந்த விபத்து ஞாபகம் இருக்கா? காரணம் அதிவேகம்தான்னு விசாரணை சொன்னது. ஆனா அந்த போர்ஷேவின் டயர்கள் 9 வருஷம் பழசு என்பதையும், அது காரின் கட்டுப்பாட்டைப் பாதிச்சிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னாங்க. ஓட்டினது அவர் இல்லை, பக்கத்து சீட்டில் இருந்தார். யாரோ ஒருத்தரோட பழைய காரில் ஷேர் போட்டு ஈசிஆரில் பாண்டி கிளம்புற நாமும் அந்த சீட்டில்தான் இருக்கோம்.

வயசைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. சைடுவாலில் ‘டிஓடி’ன்னு ஆரம்பிக்கிற குறியீட்டின் கடைசி 4 எண்களைப் பாருங்க. 2318 என்றால் 2018-ம் வருஷம், 23-வது வாரம். வெளிப்பக்கம் முழுசா இல்லைன்னா உள்பக்கம் இருக்கும், கொஞ்சம் குனியணும். 5 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் செக் பண்ணுங்க, 10 வருஷமானா எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும் கழட்டிடுங்கன்னு மிஷெலின் மாதிரி கம்பெனிகளே சொல்லுது.

சொந்தக் காருக்கு எஃப்சி வர்றதே 15 வருஷம் கழிச்சுதான். அதுவரை டயரைப் பார்க்க ஓனரை விட்டா ஆளில்லை. அதனால செகண்ட் ஹேண்ட் கார் விற்கிற ஆப்கள் கிலோமீட்டரைக் கட்டாயமா கேட்கிற மாதிரி இந்த 4 எண்களையும், ஸ்டெப்னியோடது உட்பட, கேட்கணும் என்பது என் கருத்து. அந்த ‘80 சதவீதம்’ அதுக்கு அப்புறம் இருக்கட்டும்.